முதல்நூல் இல்லாத மொழிபெயர்ப்பு



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, வயதுவந்தோருக்கென எழுதப்பட்ட ஒரு மர்ம நாவல். காமமும் கொலையும் கலந்த கதை. தமிழ் வாத்தியாருக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அகத்திணையை ஆண்டுதோறும் படிப்பிக்கிற எங்களுக்கு இதில் நாணப்பட என்ன இருக்கிறது? நான் சொல்ல வருவது, பிறர் நடையில் எழுதுவது பற்றி.

வழிநூலுக்குரிய வகைகளுள் மொழிபெயர்ப்பையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தார். முதல்நூலே இல்லாத மொழிபெயர்ப்பை அவர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். 1946 நவம்பரில் பாரிஸில் அப்படியொன்று வெளிவந்தது. 'உங்கள் கல்லறைகள்மீது உமிழ்வேன்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். எழுதியவர் வேர்ணன் சலிவன் என்ற அமெரிக்கக் கறுப்பினத்தவர், பிரெஞ்சில் பெயர்த்தவர் பொரிஸ் வியான் என்று அட்டை கூறியது. சலிவன் என்று ஒருவர் இருந்ததேயில்லை. வியானுக்கு அப்போது 26 வயது. தொழிலால் பொறியியலாளர். மாலையில் ஜாஸ் குழுவில் ட்ரம்பெட் வாசிப்பவர். பதிப்பாள நண்பருக்காக ஆகஸ்ட் விடுமுறையில் இரண்டே வாரத்தில் நாவலை எழுதி முடித்தார். அமெரிக்க மண்ணை அவர் மிதித்ததில்லை.

போர் முடிந்த பிரான்ஸில் அமெரிக்கத் துப்பறியும் நாவல்களுக்குப் பெரும் பசி. வியான் தமது பொய் முன்னுரையிலேயே, இந்நூலில் ஜேம்ஸ் கெயின், ஹட்லி சேஸ் ஆகியோரின் சாயல் உண்டென்று எழுதிவைத்தார். திருடனே தடயத்தைக் காட்டிக்கொடுக்கும் துணிச்சல்! அந்தச் சேஸ் யார்? அவரும் அமெரிக்கரல்லர். 1939இல் வந்த தமது முதல் நாவலை, கொச்சைமொழி அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு எழுதிய ஆங்கிலேயர். அந்த நாவலிலும் ஃபோக்னர் 1931இல் எழுதிய ஒரு நாவலின் நிழல் விழுந்திருக்கிறது. ஆக, வியான் செய்தது போலிக்கும் போலி.

இருந்தும் நூல் நின்றது. ஏன்?

குறுகிய வாக்கியம், மது, மோட்டார் வண்டி, தெருப்பேச்சு: இவற்றைக் கெட்டிக்கார மாணவன் ஒருவன் ஒரு கொப்பிக்குள் பழகிவிடலாம். வியான் அதற்கு மேலொன்றைப் பிடித்துக்கொண்டார். லீ அண்டர்சன் பார்வைக்கு வெள்ளையன், பிறப்பால் கறுப்பினத்தவன். வெள்ளைப் பெண்ணொருத்தியை விரும்பியதற்காக அவன் தம்பி கொல்லப்பட்டான். லீ ஒரு சிற்றூருக்கு வந்து புத்தகக் கடை நடத்துகிறான். செல்வக் குடும்பத்துச் சகோதரிகள் இருவரை மயக்குகிறான். அவன் யார், என்ன செய்யப்போகிறான் என்பது நமக்குச் சிறிது சிறிதாகத் தெரியவருகிறது. அந்தப் பெண்களுக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு தழுவலும் கொலையை நோக்கிய ஓர் அடி. இன்பத்தை எதிர்பார்த்துப் பக்கத்தைப் புரட்டும் வாசகன், கொலையையும் சேர்த்தே எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. அவன் கையும் கறைபடுகிறது. இவ்வகை நூல்களை எழுதுவோர் பலர் காமத்தை ஓரிடத்திலும் மர்மத்தை வேறோரிடத்திலும் ஒட்டுவார்கள். படிப்பவன் ஒன்றைத் தாண்டி மற்றதற்குப் போய்விடுவான். இங்கே தாண்ட முடியாது. இறுதியில் 'நான்' என்ற குரலே நின்றுபோகிறது. இறந்துபோன லீயை, அவன் கறுப்பினத்தவன் என்பதற்காக, ஊரார் தூக்கிலிடுகிறார்கள்.

ஆயினும் எனக்கொரு சங்கடம் உண்டு. வாக்கியத்தை இரவல் வாங்கலாம். தம்பியைப் பறிகொடுத்த ஒருவனின் வெஞ்சினத்தை, அந்தத் தெருவில் ஒருநாளும் நடவாதவர் இரவல் வாங்கலாமா? கறுப்பின இசையில் வியான் கொண்ட காதல் மெய்யானதுதான். அதனாலேயே அவரை முற்றாகத் தள்ளவும் முடியவில்லை. ஆனால் அந்தப் பெண்களின் உடல்களை வெறும் கருவியாக்கியதற்கு அந்த இசையையும் சாட்சிக்கு அழைக்க முடியாது.

1947இல் நூல் வழக்குக்கு இலக்கானது. அவ்வாண்டிலேயே பாரிஸ் விடுதியொன்றில் கொல்லப்பட்ட பெண்ணொருத்தியின் அருகே அதன் பிரதி கிடந்தது. விற்பனை மேலும் ஏறியது. மூலநூல் எங்கே என்று கேட்டவர்களுக்காக வியான் ஆங்கிலப் பிரதியொன்றையும் உருவாக்க வேண்டியதாயிற்று. 1948இல் அது அச்சானது: பெயர்ப்புக்குப் பின் பிறந்த மூலம்! அவ்வாண்டிலேயே, எழுதியவர் தாமே என ஒப்புக்கொண்டார். 1949இல் நூலுக்குத் தடை, 1950இல் அவருக்கு ஒரு இலட்சம் பிராங்க் அபராதம்.

அதே வியான் தமது சொந்த நடையில், சொந்தப் பெயரில், 'நாட்களின் நுரை' என்ற காதல் நாவலை 1947இல் வெளியிட்டிருந்தார். நோயுற்ற பெண்ணின் நெஞ்சில் அல்லி மலர்கிற கதை. அவர் 1959இல் தமது 39ஆவது வயதில் இறக்கும்வரை அதை வாங்கியவர் சிலரே. சலிவனின் கதையைத் திரைப்படமாக்கினார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. அதன் முன்னோட்டக் காட்சியில் அமர்ந்திருந்தபோதுதான் அவருடைய இதயம் நின்றது.