நாற்றங்காலும் நடவும்
(பஞ்சாயத்து அங்கத்தினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சென்ற மாரிக்காலத்தில் நமது வட்டாரத்துப் பெண்மணி ஒருவர் பிரசவ வேதனையுடன் அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குச் சென்றார். அறுவை மேசை இருந்தது. மகப்பேற்று டாக்டரும் இருந்தார். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் இல்லை. நெடுந்தொலைவிலுள்ள நகருக்கு அவரை அனுப்ப நேர்ந்தது. தாய் பிழைத்தார், குழந்தை பிழைக்கவில்லை.

டாக்டர் இல்லை என்று பொதுவாகச் சொல்கிறோம். அன்று இல்லாதிருந்தவர் அத்துறையில் மேற்படிப்பு முடித்த டாக்டர். 2022 ஜனவரியில் நம் மாநிலத்தில் 11 புதிய மருத்துவக் கல்லூரிகள் ஒருங்கே திறக்கப்பெற்றன. ஆண்டுக்கு 1,450 பேர் எம்.பி.பி.எஸ். பயில இடம் உண்டாயிற்று. நற்செய்திதான். ஆயினும் மயக்க மருந்துத் துறையில் தேர்ச்சி பெற, அதன்மேல் மூன்றாண்டு பெரிய ஆஸ்பத்திரியில் இரவு பகலாக நோயாளிகளிடையே இருந்து பயில வேண்டும். சர்க்கார் கல்லூரிகளில் அவ்வாறு பயில்வோருக்கு உதவித்தொகையோ சம்பளமோ கொடுப்பது சர்க்கார். அதாவது உங்கள் வரிப்பணம். நாற்றங்காலுக்குச் செலவிட்டவன் நடவு எங்கே என்று கேட்பது நியாயமே.

சர்க்கார் பணியிலுள்ள டாக்டர்களுக்கு, மேற்படிப்பில் மாநிலப் பங்கின் பாதி இடங்களை ஒதுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுநாள் இருந்தது. 2017-ல் அது தடைப்பட்டது. இவ்வாறு ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டென 2020 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். மேற்படிப்பு டாக்டர்கள் மூன்று மாதம் மாவட்ட ஆஸ்பத்திரியில் பணிபுரிய வேண்டுமென்ற விதியும் அவ்வாண்டே வந்தது. மூன்று மாதம் போதாதென்பது நமது அபிப்பிராயம். நோயாளிக்கு முகம் பழகுமுன் டாக்டர் மாறிவிடுகிறார்.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் மேற்படிப்புக்குப் போய்விட்டார், நாற்காலி காலியாயிற்று என்று நமது அலுவலகத்துக்கு மனுக்கள் வருகின்றன. மாற்று டாக்டரைக் கேட்டு நாமும் எழுதுகிறோம். ஆனால் போகிறவரைத் தடுத்துவிட்டால் மயக்க மருந்து கொடுப்பவர் எங்கிருந்து வருவார்? படித்து முடித்தபின் அவர் மீண்டும் இப்பக்கம் வர மனங்கொள்வாரா என்பதையே நாம் பார்க்க வேண்டும். குடியிருப்பில் தண்ணீரும் விளக்கும் இன்மையால், பெண் டாக்டர் ஒருவர் நாள்தோறும் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்துபோனதை நாமே கண்டோம். இரவில் வரும் பிரசவத்துக்கு அவர் எவ்வாறு உதவ முடியும்?

வரும் கிராம சபையில் டாக்டர் குடியிருப்பின் குழாயையும் விளக்கையும் விவாதப் பொருளாக வையுங்கள். மதிப்பீட்டை நமது அலுவலகம் தயாரித்துக் கொடுக்கும்.