கடலடியை வினாவும் கருவி

முல்லைத்தீவுக் கரையிலே நின்று கிழக்குத் திசையை நோக்குபவருக்கு வங்காள விரிகுடா ஒரே சமதரையாகத் தோன்றும். மேற்பரப்பு சமமாக இருப்பினும் அடித்தளம் அவ்வாறன்று. மணல் ஓரிடம், சேறு ஓரிடம், மீனவர் பார் என வழங்கும் பாறைநிலம் ஓரிடம் என, தரையைப் போலவே கடலடியும் மேடு பள்ளங்களால் ஆனது. வடக்கே பருத்தித்துறைக்கு அப்பால் பேதுரு மேடை என்னும் ஆழங்குறைந்த பரப்பு விரிந்து கிடக்கின்றது. தெற்கே திருகோணமலையிலோ, துறைமுகத்தின் அருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி ஆழ்கடலுக்கு இறங்குகின்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கடலிலேதான் முல்லைத்தீவு மீனவர் வலை வீசுகின்றனர். தம் படகின் கீழ் என்ன இருக்கின்றது என்பதை அறிவது அவர்களுக்குப் பிழைப்பும் பாதுகாப்பும் பற்றிய கேள்வியாகும்.

இக்கேள்விக்கு மனிதன் கண்ட முதல் விடை ஈயக்குண்டும் கயிறுமே. இரு கைகளையும் விரித்த அளவு ஒரு பாகம். அது ஏறக்குறைய ஆறு அடி. குண்டு தரைதட்டும் வரை கயிற்றை விட்டு, பாகம் பாகமாக எண்ணி ஆழம் கண்டனர். குண்டின் அடியிலுள்ள குழியிலே கொழுப்பை அப்பி இறக்கினால், மணலோ சேறோ சிப்பித்தூளோ அதில் ஒட்டிவரும். ஆழத்தோடு நிலத்தின் இயல்பும் தெரிந்தது. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின் பூண்ட புனைபெயரும் மிசிசிப்பி ஆற்றிலே ஆழம் பார்ப்போர் எழுப்பிய குரல்தான். இரண்டு பாகம் என்பது அதன் பொருள். ஆயின், ஓடும் கலத்திலிருந்து ஆழ்நீரைக் கயிற்றால் அளப்பது கடினம்; நீரோட்டம் கயிற்றைச் சாய்த்துக் கணக்கைப் பிழையாக்கிவிடும்.

1912ஆம் ஆண்டு டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியபின், நீருள் மறைந்திருப்பதை ஒலியால் அறியும் முயற்சிகள் விரைவு பெற்றன. ஜெர்மனியிலே அலெக்சாண்டர் பேம் 1913இல் எதிரொலி ஆழமானிக்குக் காப்புரிமை பெற்றார். 1914இல் ரெஜினால்ட் ஃபெசென்டன் வட அத்திலாந்திக்கிலே பனிப்பாறையிலிருந்து எதிரொலி பெற்றுக் காட்டினார். முதலாம் உலகப் போரின்போது பிரான்சு தேசத்துப் பௌதிக அறிஞர் போல் லான்ஷவென், மின்துடிப்பால் அதிரும் படிகக்கல்லைக் கொண்டு காதுக்கு எட்டாத ஒலியை நீருட் செலுத்தினார். இன்றைய கருவிகள் அம்முறையின் வழித்தோன்றல்களே. இலங்கைக் கடலிலும் நோர்வேயின் டாக்டர் ஃபிரிட்யொஃப் நான்சன் என்னும் ஆராய்ச்சிக் கப்பல் 1978 முதல் 1980 வரையும், மீண்டும் 2018இலும் எதிரொலிக் கருவிகளைக் கொண்டு மீன்வளத்தை ஆராய்ந்தது. பெருங்கப்பலுக்கே உரியதாயிருந்த அக்கருவி இன்று ஒரு புத்தகத்தின் அளவினதாகச் சுருங்கிச் சிறு படகிலும் ஏறிவிட்டது.

இதன் தத்துவம் எளியது. கிணற்றுள் குரல் கொடுத்தால் அக்குரல் திரும்பி வருகின்றது அன்றோ? கடல்நீரில் ஒலி செக்கனுக்குச் சுமார் 1,500 மீற்றர் செல்லும். இது காற்றிற் செல்லும் வேகத்தின் நான்கு மடங்குக்கும் அதிகம். அனுப்பிய ஒலி ஐம்பதில் ஒரு செக்கனில் திரும்பி வருமாயின், அது சென்று மீண்ட தூரம் 30 மீற்றர். ஆழம் அதிற் பாதி, 15 மீற்றர். இக்கணக்கைக் கருவி இடைவிடாது செய்துகொண்டிருக்கின்றது. வெதுவெதுப்பான நமது கடலில் ஒலி இன்னும் சற்று விரைந்து செல்வதால், உண்மை ஆழம் காட்டப்படுவதிலும் சிறிதளவு கூடுதலாக இருக்கலாம். 30 மீற்றரில் அவ்வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீற்றருக்குள் அடங்கும்.

கருவிக்கு இரண்டு உறுப்புக்கள் உண்டு. ஒன்று, ஒலியை அனுப்பி ஏற்கும் ஒலிவாங்கி. மற்றையது, படம் காட்டும் திரை. ஒலிவாங்கியைப் படகின் பின்புறத்திலே, எப்போதும் நீருள் அமிழ்ந்திருக்கும்படி பொருத்தவேண்டும். இயந்திரத்தின் விசிறி எழுப்பும் குமிழிகள் ஒலியைத் தடுக்குமாதலால் அதனை விட்டு விலகியிருத்தல் அவசியம். ஒலிவாங்கியின் முகம் கடலடியை நேராக நோக்கவேண்டும். சாய்வாயின் விடையும் சாயும். பாசியும் சிப்பியும் படர்ந்தால் எதிரொலி மங்கும். ஆகவே அவ்வப்போது மென்துணியால் துடைத்தல் வேண்டும். மின்கலத்திலிருந்து வரும் கம்பியிலே உருகியொன்றை இணைப்பதும், கரைக்கு வந்ததும் இணைப்பு முனைகளின் உப்பை நன்னீரால் துடைத்து உலர்த்துவதும் கருவியின் ஆயுளை நீட்டும்.

கருவியை இயக்கியதும் முதலிற் பார்க்கவேண்டியது அளவையின் அலகு. திரையில் ஐந்து எனத் தெரிந்தால் அது ஐந்து அடியா, ஐந்து மீற்றரா, ஐந்து பாகமா? ஐந்து பாகம் ஒன்பது மீற்றருக்கு மேல். ஐந்து அடியோ ஒரு மனிதனின் கழுத்தளவு நீர். அடுத்து, ஒலியின் அதிர்வெண். பெரும்பாலான சிறு கருவிகளில் 50 கிலோஹேர்ட்ஸ், 200 கிலோஹேர்ட்ஸ் என இரண்டு உண்டு. கரையோரத்து ஆழங்குறைந்த நீருக்கு 200 ஏற்றது. அது நுட்பமாகக் காட்டும். ஆழ்கடலுக்கு 50 ஏற்றது. அது தொலைவு செல்லும். மூன்றாவது, உணர்திறன். அதனை அளவுக்கு மிஞ்சிக் கூட்டினால் திரை முழுவதும் புள்ளிகள் நிறையும். மிகக் குறைத்தால் மீனும் மறையும். கடலடியின் கோடு தெளிவாகத் தெரியும் வரை கூட்டி, வீண்புள்ளிகள் தோன்றும்போது சிறிது குறைப்பதே முறை. ஒலிவாங்கி நீர்மட்டத்துக்கு எவ்வளவு கீழே உள்ளதோ அவ்வளவையும் கருவிக்குத் தெரிவித்தல் வேண்டும். இல்லையேல் ஒலிவாங்கியின் கீழுள்ள ஆழம் மட்டுமே காட்டப்படும்.

திரையை வாசிப்பதுதான் உண்மையான கல்வி. வலது விளிம்பிலே தெரிவதே இந்தக் கணத்துச் செய்தி. இடப்புறம் நகர்வன எல்லாம் படகு கடந்து வந்த இடங்கள். கடினமான பார் தடித்த, பிரகாசமான கோடாகத் தோன்றும். சில வேளைகளில் அதன் கீழ் இரு மடங்கு ஆழத்திலே இரண்டாவது கோடும் தோன்றும். அது ஒலி இருமுறை சென்று மீண்டதன் அடையாளம். மென்சேறு ஒலியை விழுங்குவதால் மங்கலாகத் தெரியும். மீன் வில்லைப்போல் வளைந்து காணப்படுவது ஏன்? ஒலி கீழே செல்லச் செல்லக் கூம்பு வடிவாக விரிகின்றது. கூம்பின் ஓரத்தில் மீன் நுழையும்போது தூரம் கூடுதல். நேர் கீழே வரும்போது குறைவு. விலகும்போது மீண்டும் கூடுதல். படகு நங்கூரமிட்டு நிற்கையில் அசையாத ஒரே மீன் நீண்ட கோடாகத் தெரியும். அதனைப் பெருங்கூட்டமென மயங்கலாகாது.

கூம்பு 20 பாகை அகலமானதாயின், 30 மீற்றர் ஆழத்திலே அது தழுவும் வட்டத்தின் குறுக்களவு பத்து மீற்றர் சொச்சம் மட்டுமே. சாதாரண ஆழமானி முன்னோக்கிப் பார்ப்பதில்லை. நாயாறு, நந்திக்கடல் போன்ற களப்புக்களின் வாய்களில் மணல்திட்டு பருவந்தோறும் இடம் மாறுகின்றது. வாடைக்காற்றில் அங்கே அலை உடைகின்றது. இத்தகைய இடங்களில் ஆழம் குறைந்துவரும்போது வேகத்தைக் குறைத்தலே அறிவு. மணி பத்துக் கடல்மைல் வேகத்தில் ஓடும் படகு ஒரு செக்கனில் ஐந்து மீற்றர் கடக்கின்றது. திரை எச்சரிக்கும்போது படகு திட்டின்மேல் ஏறியிருக்கக்கூடும்.

வன்னிக் கரைக்கு இக்கருவி தரும் பயன் இன்னொன்று உண்டு. முன்னாளிலே எந்தப் பார் எங்கே உள்ளது என்பதைக் கரையிலுள்ள கோபுரத்தையும் பனைகளையும் நேர்கோட்டிலே நிறுத்தி நினைவில் வைத்திருந்தனர். அது தந்தை மகனுக்குக் கடலில் வைத்துக் கற்பித்த பாடம். 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இக்கரையை அழித்தது. 2009இல் போர் முடிவுற்றபோது முழுக் கரையுமே வெறுமையாயிற்று. மீண்டவர் படகைப் பெற்றனர், வலையைப் பெற்றனர். பல வீடுகளில் பாடஞ் சொல்லவேண்டிய முதியவர் மட்டும் மீளவில்லை. அடையாளமாய் நின்ற மரங்களும் கட்டடங்களும் பல இடங்களில் இல்லை. அறியாத பாரிலே வலை சிக்கிக் கிழிந்தால், கடன்பட்டு வாங்கிய முதல் ஒரே இரவில் போய்விடுகின்றது.

இழந்த அப்பாடத்தை மீண்டும் எழுத ஆழமானி துணைசெய்யும். ஆனால் தானாகச் செய்யாது. கருவியை அணைத்ததும் திரையிலுள்ளது மறைந்துவிடும். ஆதலால் படகிலே ஒரு சிறு குறிப்பேடு இருக்கட்டும். நாள், நேரம், காற்று, ஆழம், நிலத்தின் தன்மை, கரையடையாளம், கிடைத்த மீன் ஆகியவற்றை ஒவ்வொரு பயணத்திலும் குறித்துவைத்தால், இரண்டொரு பருவத்தில் அதுவே ஒரு கடற்படமாகும். இன்னும் எஞ்சியுள்ள முதியவர்களிடம் அவ்வேட்டைக் காட்டி, பார்களின் பழைய பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். கருவி ஆழத்தைச் சொல்லும். இடத்தின் பெயரை அதனாற் சொல்ல இயலாது. அப்பெயர்கள் ஏட்டில் ஏறிவிட்டால், இளைஞன் ஒருவன் முதன்முறை தனியே கடலேறும்போது தன் பாட்டனின் அறிவும் அவனோடு படகில் இருக்கும்.