துறையறிந்து இறங்குக



ஆழமில்லா நீரில் காலூன்றி நடந்து செல்வதை ஆங்கிலர் ‘வேடு’ என்னும் வினையாற் குறிப்பர். பழைய ஆங்கிலத்தில் அதன் வடிவம் ‘வதன்’. அன்று அதற்கு முன்னேறிச் செல்லுதல் என்பதே பொருள். நீரில் நடத்தல் என்னும் பொருளுக்குப் பின்னரே ஒடுங்கிற்று. செல்லுதலைக் குறிக்கும் இலத்தீன ‘வாதெரே’யும், ஆழமற்ற கடவிடத்தைக் குறிக்கும் ‘வதும்’ என்பதும் அதன் உறவுச் சொற்கள். படைபுகுதலைக் குறிக்கும் ‘இன்வேடு’ அவ்விலத்தீன வழி வந்ததே.

ஒலியொப்புமை ஒன்றே கொண்டு இதனைத் தமிழ் வேரொடு பிணைத்தல் ஆராய்ச்சியாகாது. அப்பொய்ப்பெருமை தமிழுக்கு வேண்டுவதுமன்று; நம்மிடம் ‘துறை’ இருக்கின்றது.

மக்கள் நீரில் இறங்குமிடம் துறை. ஆடை வெளுப்பதும் ஓடமேறுவதும் அங்கேயே. கலங்கள் வந்தடையும் வாயில் துறைமுகம். அறிவின் பகுதியும் அரசின் பிரிவும் துறையே. கடின நூலை இடர்ப்பட்டுப் படிப்பதற்கும் ஆங்கிலர் ‘வேடு’ என்பர். கலையை முற்றக் கற்றவனைத் தமிழர் துறைபோகியவன் என்றனர். அங்கே நடக்கும் வருத்தம். இங்கே கடந்த நிறைவு. ஆங்கிலச் சொல் நீருக்குள் இறங்கிச் சுருங்கிற்று. தமிழ்ச்சொல் கரையேறி விரிந்தது.

ஆயின், அச்சொல் வாழும் நீர் என்னாயிற்று? கொற்றலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர்க் கழியைக் காண்மின்! இடுப்பளவு நீரில் நடந்து, கையால் துழாவி இறால் பிடிப்போர் அங்கு உளர். முழங்காலளவு, இடுப்பளவு, கழுத்தளவு என உடம்பே அவர்க்கு அளவுகோல். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து அக்கழி பல இடங்களில் தூர்ந்தது. 2023 திசம்பரில், புயல்வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதி எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே வந்து அங்குப் பரவிற்று. நீரில் நின்றோர் காலிலும் வலையிலும் படகிலும் கரிய எண்ணெய் ஒட்டிற்று.

ஆழங் குறைந்தாற் கடத்தல் எளிதன்றோ எனின், எளிதே. ஆயினும் மீனும் இறாலும் அற்ற நீரில் எவர் இறங்குவர்? இறங்குவார் இல்லாத இடம் துறையாகுமா?

ஆகவே, மாணவர்காள்! அகரமுதலியோடு அமையாதீர். எண்ணூர்க்குச் செல்லுங்கள், நீரின் ஆழத்துக்கும் சேற்றுக்கும் ஓட்டத்துக்கும் அங்குள்ள முதியோர் வழங்கும் சொற்களைக் கேட்டெழுதுங்கள். அவர்தம் நீருக்காகவும் வாய்திறந்து பேசுங்கள். துறை அழிந்தபின் துறை என்னும் சொல் அலுவலகப் பலகையில் மட்டுமே எஞ்சும்.