நம்பிக்கை மையத்துக்கு நம்பிப் போகலாம்

திருநங்கையர், திருநம்பியரின் பாலியல் நலம் பற்றி இன்னைக்குப் பேசலாம். இதைப் படிக்கிற நீங்க அவங்கள்ல ஒருத்தரா இருக்கலாம். அவங்களுக்கு அக்காவா, நண்பரா, மருத்துவமனை ஊழியரா இருக்கலாம். எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், நம்ம சென்னையில்தான். அன்று மருந்து இல்லை. இன்று அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் கூட்டு மருந்து இலவசம். தினமும் விடாமல் சாப்பிட்டு, பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் கிருமி குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்றாது.

பிறகு ஏன் பலர் பரிசோதனைக்கே வருவதில்லை? ஓ.பி. சீட்டில் பழைய பெயர் இருக்கும். அதை வரிசையில் சத்தமாகக் கூப்பிடுவாங்க. எல்லோரும் திரும்பிப் பார்ப்பாங்க. நோயைவிட அந்தப் பார்வைதான் பெரிய பயம்.

இங்கே சட்டம் உங்க பக்கம் இருக்கு. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2018 முதல் நடைமுறையில் உள்ளது. உங்க சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்யக் கூடாது. நம்பிச் சொன்ன தகவலை வெளியே சொல்லவும் கூடாது. தொற்று இருக்குன்னு சிகிச்சை மறுக்கவோ, வேலையை விட்டு நீக்கிப் பாகுபாடு காட்டவோ சட்டம் இடம் தரவில்லை.

அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்துக்குப் போங்க. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் உங்களோடு தனியாகப் பேசுவார். "என்னை இந்தப் பெயரில் கூப்பிடுங்க" என்று முதலிலேயே சொல்லுங்க. கட்டணம் இல்லை. தொற்று ஏற்பட்ட புதிதில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். அதனால் மறுபடி எப்போது வரணும்னு கேட்டுக்குங்க.

வெளிப்படையாகச் சில விஷயங்கள் சொல்றேன். ஆசனவாய் வழி உறவில் தொற்றும் வாய்ப்பு அதிகம். ஆணுறையோடு தேங்காய் எண்ணெய், வாசலின் பயன்படுத்தினால் உறை கிழியும். தண்ணீர் அடிப்படையிலான ஜெல் மட்டும் போடுங்க. அறுவை சிகிச்சை முடிந்த திருநங்கையருக்கும் ஆணுறை அவசியம். ஹார்மோன் ஊசி போட்டால் ஒவ்வொரு முறையும் புது ஊசி வேணும். திருநம்பியருக்கு ஒரு வார்த்தை: டெஸ்டோஸ்டிரோன் எடுப்பது கருத்தடை ஆகாது. மாதவிடாய் நின்றிருந்தாலும் கர்ப்பம் தரிக்கலாம்.

உறை கிழிந்துவிட்டதா? யாராவது பலவந்தம் செய்தாங்களா? விடியட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம்னு இருந்துடாதீங்க. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கணும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மருத்துவர் பரிந்துரைத்தால் 28 நாள் சாப்பிடணும். இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய் விவரம் சொல்லிக் கேளுங்க.

ஜமாத்தில் மூத்தவங்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுசா வந்த மகளைக் கையோடு கூட்டிட்டுப் போங்க. நீங்க முதலில் பரிசோதனை செய்துகிட்டா, அவளுக்கும் தைரியம் வரும். மருத்துவமனையில் வேலை பார்க்கிறவங்களே, எதிரில் நிற்பவர் சொல்கிற பெயரில் கூப்பிடுங்க. அந்த ஒரு மரியாதைதான் அவரை அடுத்த முறையும் அழைத்து வரும்.

இப்போ கையில் இருக்கிற போனில் ஒரு எண்ணைப் பதிவு செய்யுங்க: 1097. தேசிய எய்ட்ஸ் உதவி எண் இது, கட்டணம் இல்லை. பக்கத்தில் எந்த மையம் இருக்குன்னு இங்கே கேட்கலாம். கூச்சமா இருந்தா முதலில் போனில் பேசுங்க, பிறகு நேரில் போங்க.