பழைய பெயர்களும் புதிய மோகமும்

(கொல்லிமலையில் நடந்த ஒரு பெயர் சூட்டு விழாவில் பேசியது)



இம்மலையில் பிறந்த ஓர் ஆண் குழந்தைக்கு "ஓரி" என்று பெயரிடுவதற்காக நாம் இன்று கூடியிருக்கின்றோம். இதற்குப் புரோகிதன் வரவில்லை, ஓமம் வளர்க்கவில்லை, பஞ்சாங்கமும் புரட்டவில்லை. பெற்றோர் இருவரும் கலந்து யோசித்துத் தங்களுக்குப் பிடித்த பெயரைச் சொன்னார்கள். அதை நாலு பேர் அறியச் சொல்லுவதுதான் இங்கு நடந்த காரியம். ஆனாலும் நம்மைப் பேச அழைத்துவிட்டபடியால், பெயர் விஷயமாகச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகின்றோம்.

கொஞ்ச காலத்திற்கு முன்வரை "ஷ்" என்று முடியாத பெயர் ஒரு பெயரே அல்ல என்று நம்மவர்கள் நினைத்திருந்தார்கள். அர்த்தம் என்னவென்று கேட்டால் பெற்றவர்களுக்கே தெரியாது. இப்போது காற்றுத் திரும்பியிருக்கிறது. பாரி, ஆதன், இனியன், கயல், பாவை என்று பழைய பெயர்களைத் தேடிப் பிடித்து வைக்கிறார்கள். இது நம் நாட்டுச் சங்கதி மாத்திரமல்ல. இங்கிலாந்தில் ஆர்தர் என்பது வெகுகாலமாகக் கிழவர்களுடைய பெயராய் இருந்தது. 2018-ஆம் வருஷத்துக் குழந்தைகள் கணக்கில், 1920-களுக்குப் பிறகு முதல் தடவையாக அது முதல் பத்துப் பெயர்களுக்குள் வந்துவிட்டது. பாட்டன் பெயர் அப்பனுக்குக் கிழட்டுப் பெயராகவும், கொள்ளுப் பேரனுக்கு அழகான பெயராகவும் தோன்றுவது எங்கும் உள்ள இயற்கைதான்.

ஆனால் வெள்ளைக்காரன் தேசத்தில் இல்லாத ஒரு தொல்லை நமக்கு உண்டு. இங்கே பெயரிலும் ஜாதி இருக்கிறது. மனுதர்ம சாஸ்திரம் இரண்டாம் அத்தியாயத்தில், பார்ப்பானுடைய பெயர் மங்களத்தையும், க்ஷத்திரியன் பெயர் பலத்தையும், வைசியன் பெயர் பொருளையும், சூத்திரன் பெயர் இழிவையும் காட்ட வேண்டுமென்று எழுதி வைத்திருக்கிறார்கள். குழந்தை கண் விழிக்கும் முன்பே அதன் நெற்றியில் இழிவை ஒட்டிவிட வேண்டுமென்றால், இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு வேறு உண்டா என்று யோசித்துப் பாருங்கள். ஆகவேதான் நமது இயக்கம் பெயரை அற்ப விஷயமாக எண்ணவில்லை. 1929-ஆம் வருஷம் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மகாநாடு, பெயருக்குப் பின்னால் தொங்கும் ஜாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானித்தது. பிறகு ராமையா அன்பழகன் ஆனதும், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும் உங்களுக்குத் தெரிந்ததே.

நிற்க. இப்போது திரும்பி வருகிற பெயர்கள் எவை, வராத பெயர்கள் எவை என்று பாருங்கள். ராஜாவின் பெயர் வருகிறது. வள்ளலின் பெயர் வருகிறது. குப்பாயி, கருப்பாயி, செல்லாயி, பாவாயி ஆகிய நமது பாட்டிகளின் பெயர்கள் வரவில்லை. இந்த நாமக்கல், சேலம் பக்கத்தில் பாவாயி என்ற பெயருள்ள கிழவி இல்லாத ஊர் உண்டா? பாவை என்றாலும் பாவாயி என்றாலும் சொல் ஒன்றுதான். கொல்லிப்பாவை என்று சங்கப் புலவர்கள் பாடியதும் இந்த மலையின் பாவையைத்தான். அப்படியிருக்க, பட்டணத்தில் பிறந்த பெண்ணுக்குப் பாவை என்றால் "ஆகா, என்ன தமிழ்ப் பெயர்!" என்கிறார்கள். காட்டில் களை வெட்டுகிறவள் பாவாயி என்றால் சிரிக்கிறார்கள். பேத்தி தன் பாட்டியின் பெயரைக் கல்லூரியில் சொல்லக் கூசுகிறாள். எழுத்திலா வித்தியாசம் இருக்கிறது? பெயரைச் சுமக்கிற ஆள் யார் என்பதில்தான் இருக்கிறது.

இந்த மலைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாமையை நினைத்தால் போதும். நீங்கள் சாமைச் சோறும் ராகிக் களியும் தின்றபோது கீழ்நாட்டான் உங்களை ஏளனம் செய்தான். நீங்களும் வெட்கப்பட்டும், காசுக்காகவும், சாமைக் காட்டை மரவள்ளிக் காடாக மாற்றினீர்கள். பிறகு 2023-ஆம் வருஷத்தைச் சிறுதானிய வருஷம் என்று உலக நாடுகளெல்லாம் கொண்டாடின. இன்று அதே சாமை பட்டணத்துக் கடையில் பளபளப்பான பையில் ஏறி உட்கார்ந்துகொண்டு நெல்லரிசியைவிட அதிக விலை கேட்கிறது. தானியம் மாறிவிடவில்லை. மதிப்புப் போடுகிறவன் கீழே இருக்கிறான், அவ்வளவுதான். (உங்களை "மலையாளி" என்று சர்க்கார் எழுதுவதைப் பார்த்துவிட்டு, நீங்கள் மலையாள தேசத்திலிருந்து வந்தவர்களா என்று கேட்கிற படித்தவர்களும் இருக்கிறார்கள்! மலையை ஆளுகிறவன் என்று நாலெழுத்தைப் பிரித்துப் பார்க்க அவர்களுக்கு அவகாசமில்லை.)

இனி ஓரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. ஆடிப் பதினெட்டில் சர்க்காரே விழா எடுக்கிறது. அவன் வில்லாளி, வள்ளல் என்பதெல்லாம் சரி. அவனைக் கொன்று இந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்த திருமுடிக்காரியும் அதே கடையெழு வள்ளல்களில் ஒருவன்தான். அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் காரி என்று பெயர் வைத்தால் நாம் சண்டைக்குப் போகப் போகிறோமா? ஓரி தங்கள் ஜாதிக்காரன் என்று பாத்தியம் கொண்டாடும் சங்கங்களும் இருக்கின்றன. அந்த உரிமைக்காக ஒருவன் இப்பெயரை வைப்பானானால், விட்டுத் தொலைத்த ஜாதிப் பட்டத்தைப் பெயருக்குள்ளேயே ஒளித்து வைத்தவன் ஆகிறான். இன்னொரு கூட்டம், ரோகிணியில் பிறந்த பிள்ளைக்கு "ஓ" எழுத்து என்று ஜோசியன் சொன்னதற்காக ஓரி என்று வைக்கும். அதற்கும் நமக்கும் சம்பந்தமில்லை.

கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன் என்றும் குவிரன் என்றும் கீறியிருக்கிறது. பானையில் பேர் கீறி வைத்தவன் சிம்மாசனத்தில் இருந்தவனாக இருக்க வேண்டுமென்பதில்லை. ராஜா பெயர்தான் பழமை என்பதல்ல. சமைத்துச் சாப்பிட்டவன் பெயரும் பழமைதான்.

அதற்காகப் பழையதெல்லாம் திரும்ப வேண்டுமென்று நாம் சொல்லுவதாக நினைத்துவிடாதீர்கள். முன்பு பிறந்த குழந்தைகள் செத்துச் செத்துப் போனதால், அடுத்ததைக் குப்பையில் போட்டு எடுத்துக் குப்பன் என்றும், பிச்சை வாங்கிப் பிச்சை என்றும் பெயரிட்டார்கள். அது வைத்தியம் இல்லாத காலத்துப் பயம். பெண்ணாய்ப் பிறந்ததற்காக "போதும்பொண்ணு", "வேண்டாம்" என்று வைத்தது பயமுமல்ல, அக்கிரமம். இந்தப் பெயரைத் தாங்கி வாழ்கிற பெண்களிடம் நமக்கு மரியாதை உண்டு, வைத்தவர்களிடம் இல்லை.

பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்திலும் ஒரு கூத்து உண்டு. பெயரன் என்பதுதான் பேரன் ஆயிற்று என்பார்கள். ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது! ஆகவே பத்து மாதம் சுமந்து பெற்றவள் தன் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் "பெரியவனே", "சின்னவனே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையின் பெயரைச் சொல்லப் பெற்ற தாய்க்குத் தடை வைத்த சமுதாயத்தைப் பற்றி என்ன சொல்லுவது?

கடைசியாக ஒரு காரியம். பிறப்பைப் பதிவு செய்யும்போது பெயர் தயாராக இல்லாவிட்டாலும், 1969-ஆம் வருஷத்துச் சட்டப்படி பதிவு செய்துவிடலாம். பெயரைப் பன்னிரண்டு மாதத்திற்குள் கட்டணமில்லாமலும், அதன்பின் பதினைந்து வருஷம் வரை கட்டணம் செலுத்தியும் சேர்த்துக் கொள்ளலாம். நாளையே போய் ஓரி என்று எழுதி வாங்குங்கள். தாயின் பெயர் என்கிற இடத்தில், அவள் பெயர் பாவாயி என்றால் பாவாயி என்றே இருக்கட்டும். நாகரிகமாகத் திருத்தித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் ஒப்ப வேண்டாம். மற்ற தஸ்தாவேஜுகளோடு ஒத்துப் போகாமல் பின்னால் அலைய வேண்டிவரும்.