மருந்தும் மனித உரிமையும்



நாடுகளின் தோழமை, வளர்ச்சி ஒத்துழைப்பு, மனித உரிமை என்று பெரிய சொற்களைத் தலைப்பாகத் தந்திருக்கிறீர்கள். இவை ஒன்றுகூடி உயிர் காத்த வரலாறு ஒன்று நம் கண்ணெதிரே நடந்திருக்கிறது. அதை மட்டும் பேசுகிறேன்.

2000ஆம் ஆண்டில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துச் சிகிச்சைக்கு ஒருவருக்கு ஓராண்டுச் செலவு பத்தாயிரம் டாலருக்கும் மேல். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அந்தச் சிகிச்சையால் மக்கள் பிழைத்து எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆப்பிரிக்காவில் மருந்து இருப்பது தெரிந்தே செத்தார்கள். மலிவு மருந்தை வரவழைக்க வழிசெய்யும் சட்டத்தைத் தென்னாப்பிரிக்கா 1997இல் இயற்றியது. மறு ஆண்டே மருந்து நிறுவனங்கள் நீதிமன்றம் ஏறின. ஒரு பக்கம் 39 நிறுவனங்கள், மறுபக்கம் நெல்சன் மண்டேலாவின் அரசு. அமெரிக்க அரசும் வணிக நெருக்கடி கொடுத்தது.

1998 டிசம்பர் 10, மனித உரிமை நாள். அன்று கேப் டவுன் நகரில் சிலர் கூடிச் சிகிச்சைக்கான போராட்ட இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் முன்னணியில் நின்ற சாக்கி அக்மத் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர். அரசு மருத்துவமனையில் ஏழைக்குக் கிடைக்காத மருந்தைத் தானும் தொடுவதில்லை என்று உறுதி பூண்டார். மண்டேலாவே வீடு தேடி வந்து கேட்டும் அவர் உடனே இணங்கவில்லை.

அந்தப் போராட்டத்துக்குத் தோள் கொடுத்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் யேல் பல்கலைக்கழக மாணவர்கள். ஸ்டாவுடின் என்னும் மருந்தின் காப்புரிமை அவர்களுடைய பல்கலைக்கழகத்திடம் இருந்தது. அதை விற்கும் உரிமை பிரிஸ்டல் மயர்ஸ் ஸ்குவிப் நிறுவனத்திடம் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் அந்த உரிமையைத் தளர்த்துங்கள் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு கேட்டது. மாணவர்கள் அந்தக் கோரிக்கையைக் கையில் எடுத்தார்கள். மருந்தை உருவாக்கிய பேராசிரியர் வில்லியம் புருசோஃபும் அவர்கள் பக்கம் நின்றார். 2001 மார்ச்சில் நிறுவனம் இறங்கி வந்தது. ஒரு கல்லூரி வளாகத்தில் எழுந்த குரல் இன்னொரு கண்டத்தில் மருந்து விலையைக் குறைத்தது. மாணவர்களே, இதை மறக்காதீர்கள்.

அதற்கு முந்தைய மாதம்தான் மும்பையின் சிப்லா நிறுவனம், கூட்டுச் சிகிச்சைக்கான மூன்று மருந்துகளையும் ஆண்டுக்கு 350 டாலருக்கு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்குத் தருவதாக அறிவித்தது. ஒரு நாளைக்கு ஒரு டாலர்கூட இல்லை. நம் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் அப்போது மருந்துக்குக் காப்புரிமை தரவில்லை. தயாரிக்கும் முறைக்கு மட்டுமே தந்தது. அதே மருந்தை வேறு முறையில் செய்யும் திறமை நம் ஆய்வகங்களில் வளர்ந்தது அதனால்தான். 2001 ஏப்ரலில் 39 நிறுவனங்களும் வழக்கைத் திரும்பப் பெற்றன.

ஆனாலும் ஒரு தடை மிச்சம் இருந்தது. ஆப்பிரிக்கர்களுக்குக் கடிகாரம் பார்த்து மாத்திரை போடத் தெரியாது என்ற பொருள்படப் பேசியவர் சாதாரண ஆள் அல்லர். அமெரிக்க வளர்ச்சி உதவி நிறுவனத்தின் அன்றைய தலைவர். உதவி செய்கிற கை உதவி பெறுபவரை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதே ஆண்டில் கேப் டவுனை ஒட்டிய கயலிட்ஷா குடிசைப் பகுதியில் எல்லைகளற்ற மருத்துவர்கள் சிகிச்சையைத் தொடங்கினார்கள். தகர வீடுகளில் வாழ்ந்தவர்கள் வேளை தவறாமல் மாத்திரை போட்டு எழுந்து நடமாடினார்கள்.

பிறகு கதவுகள் திறந்தன. பொதுச் சுகாதாரம் காக்க மருந்துக் காப்புரிமையைத் தளர்த்தலாம் என்பதை 2001 நவம்பரில் தோஹாவில் உலக வணிக அமைப்பு உறுதிசெய்தது. 2002இல் ஜெனிவாவில் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவை எதிர்க்கும் உலக நிதியம் பிறந்தது. 2003இல் அமெரிக்கா தன் பெரும் எய்ட்ஸ் நிவாரணத் திட்டத்தை அறிவித்தது. 2004 ஏப்ரலில் இந்திய அரசின் இலவசச் சிகிச்சை தொடங்கிய எட்டு மையங்களில் நம் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. இன்று உலகில் மூன்று கோடிக்கும் மேற்பட்டோர் இந்த மாத்திரையால் வாழ்கிறார்கள்.

2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியைத் திடீரென நிறுத்திவைத்தது. ஆப்பிரிக்காவில் பல மையங்கள் மூடப்பட்டன. ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இதைப் பார்த்து, உதவியே வேண்டாம் என்று சிலர் பேசுகிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பணக்கார நாடுகள் தம் வருமானத்தில் 0.7 சதவீதம் தரவேண்டும் என்று ஐ.நா. 1970இல் தீர்மானித்தது, விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளே அதைத் தருகின்றன. அந்தக் கடனை வற்புறுத்திக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் பணம் நின்ற அன்றும் மருந்தின் விலை பழைய பத்தாயிரம் டாலருக்கு ஏறவில்லை. போராடிப் பெற்றதை எந்த அதிபரின் கையெழுத்தாலும் பறிக்க முடியவில்லை.

அந்தப் போராட்டம் இன்னும் ஓயவில்லை. மும்பையின் நந்திதா வெங்கடேசன், கயலிட்ஷாவின் பூமேசா திசிலே இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். பழைய மருந்துகளின் நஞ்சால் செவித்திறனை இழந்தவர்கள். அவற்றைவிடப் பாதுகாப்பான பெடாகுவிலின் மருந்தின் காப்புரிமையை ஜான்சன் அண்ட் ஜான்சன் 2027 வரை நீட்டிக்க முயன்றபோது, இருவரும் சேர்ந்து இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் வென்றார்கள்.

நம் காப்புரிமைச் சட்டத்தின் 25(1) பிரிவு, காப்புரிமை வழங்கப்படும் முன்பே எதிர்க்கும் உரிமையை எவருக்கும் தருகிறது. சட்டமும் மருந்தியலும் படிக்கும் பிள்ளைகள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். காப்புரிமை அலுவலகம் நம் சென்னைக் கிண்டியிலும் இருக்கிறது. அந்தப் பிரிவைப் படியுங்கள். மனு எழுதக் கற்றுக்கொள்ளுங்கள்.