அப்போது வலிக்காதது ஏன்?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடியற்காலை மரம் சீவும்போது கத்தி நழுவிக் கையில் பாய்கிறது. துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மீதி மரங்களையும் வெட்டி, பாலையும் சேர்த்துவிட்டுத்தான் நம் தோழர் லயத்துக்குத் திரும்புகிறார். இரவில் வலி உயிர் போகிறது. மறுநாள் ஆபீசில் கேட்கிறார்கள்: "நேற்று முழு வேலையும் செய்தாயே, அப்போது வலிக்கவில்லையா? இது நடிப்புத்தானே?"

இந்தக் கேள்விக்கு விஞ்ஞானம் பதில் சொல்லிவிட்டது.

நாம் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதுபோல், கசகசாக் காயைக் கீறி எடுக்கும் பால்தான் அபின். அதிலுள்ள மார்பின் வலியை அடக்கும். அது பொருந்துவதற்கென்றே நம் மூளையில் பூட்டுகள் போன்ற இடங்கள் இருப்பதை 1973-இல் கண்டுபிடித்தார்கள். எங்கோ விளையும் செடியின் பாலுக்கு நம் மூளையில் பூட்டு எதற்கு? உடம்பே ஒரு சாவி செய்துகொள்கிறது என்பதுதானே பொருள்! 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஹியூஸ், கோஸ்டர்லிட்ஸ் என்னும் இருவர் பன்றி மூளையிலிருந்து அந்தச் சாவியைப் பிரித்தெடுத்தார்கள். ஐந்தே அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி, பெயர் என்கெஃபலின். பின்னர் எண்டார்ஃபின் முதலியனவும் அகப்பட்டன.

காயம் பட்டதும் செய்தி நரம்பு வழியே முதுகுத்தண்டுக்கும், அங்கிருந்து மூளைக்கும் ஓடுகிறது. அச்சமும் அவசரமும் மிகுந்த வேளையில் மூளை கீழ்நோக்கி உத்தரவு அனுப்புகிறது. முதுகுத்தண்டின் வாசலிலேயே இப்பொருள்கள் சுரந்து செய்தியை மட்டுப்படுத்துகின்றன. ஆபத்திலிருந்து தப்ப இயற்கை தந்த அவகாசம் இது. அவகாசம்தான், குணம் அன்று. பதற்றம் தணிந்து, காயம் வீங்கியதும் வலி முழுப் பலத்தோடு வருகிறது.

இரண்டாம் உலகப் போரில் பெருங்காயம் பட்ட சிப்பாய்கள் பலர் வலி மருந்து வேண்டாம் என்றதை, பீச்சர் என்னும் அமெரிக்க டாக்டர் 1946-இல் எழுதினார். அதற்காக அவர்கள் பட்ட காயம் பொய்யாகிவிடுமா?

ஆகவே தோழர்களே, வலிக்கவில்லையே என்று காயத்தை மறைக்காதீர்கள். அந்த இடத்திலேயே மண்டோரிடம் சொல்லுங்கள். நாளும் நேரமும் எழுத்தில் பதியச் செய்யுங்கள். கிராணித் தோழர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: பிந்தி வந்த வலியைப் பொய் வலி என்று எழுதாதீர்கள். உடம்பு பொய் சொல்லவில்லை; சிறிது பொறுத்துச் சொல்கிறது, அவ்வளவே.